கடையில் போட்ட விண்டோஸ்: குன்னூர், ஊட்டிக்காரர்கள் கவனத்துக்கு

குன்னூர், ஊட்டிப் பக்கம் சர்வீஸ் கடைகளில் விண்டோஸ் போடக் கொடுத்தால் வேலை பொதுவாகச் சுத்தம். டிரைவர், தமிழ்த் தட்டச்சு எல்லாம் சேர்ந்தே வரும். சொதப்புவது ஆக்டிவேஷன், அதாவது விண்டோஸின் லைசென்ஸை உறுதிசெய்யும் வேலைதான்.

பணம் கொடுக்கும் முன் விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு (/), எக்ஸ்பிஆர் என ஆங்கிலத்தில் அடியுங்கள். வரும் சின்னப் பெட்டியில் நிரந்தரம் என்றிருந்தால் நல்லது. காலாவதித் தேதி இருந்தால் பெரும்பாலும் அலுவலகங்களுக்கான கேஎம்எஸ் முறை. ஆயுள் 180 நாள். அதற்குள் நிறுவன சர்வரைத் தொட்டுப் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் அந்த சர்வர் ஏது? எஃப்074 என முடியும் பிழை வருவது இதனால்தான். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டும், லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் செய்யும் 'ஆக்டிவேட்டர்' வேண்டவே வேண்டாம்.

இன்னொரு வழக்கம்: விண்டோஸின் ஹோம் பதிப்பு லைசென்ஸோடு வந்த லேப்டாப்பில் கேட்காமலே புரோ பதிப்பைப் போட்டுவிடுவது. பயாஸில், அதாவது மதர்போர்டில் பதிந்த அடிப்படை மென்பொருளில் உள்ள லைசென்ஸ் கீ ஹோமுக்கானது. ஹோமையே மறுபடி போட்டு இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும், செலவில்லை.

கரண்ட் போய் வந்ததும் தேதி பழைய வருஷத்துக்கு ஓடினால் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். தேதி தவறினால் மைக்ரோசாஃப்ட் சர்வரோடு பாதுகாப்பு இணைப்பே அமையாது.

ஈரத்தில் மதர்போர்டே போனால் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வரும் ஓஇஎம் லைசென்ஸும் பொதுவாக அதோடு போச்சு. தனியாக வாங்கிய ரீடெயில் லைசென்ஸ் என்றால் வேறு போர்டுக்கு மாற்றலாம்; பழைய போர்டு உயிரோடிருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். எந்த வகை என்று பில்லில் எழுதித் தரும் கடைக்குத்தான் நம் ஓட்டு.