வாடகைக் காருக்கு பார்க்கிங் அபராதமா? கட்டுவது, எதிர்ப்பது, கம்பெனியிடம் விடுவது: எது லாபம்?

பிரிட்டனில் வாடகைக் காரை ஓட்டும்போது பார்க்கிங் அபராதம் வந்தால் நாலு வழி இருக்கிறது. கையோடு கட்டிவிடலாம், எதிர்த்து எழுதலாம், வாடகைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாம், கண்டுகொள்ளாமல் ஊருக்கு விமானம் ஏறிவிடலாம். நம்மவர்களிடம் கேட்டால் "வம்பு எதுக்கு, கட்டிடுங்க" என்பார் ஒருவர், "ஊருக்குத்தானே போறீங்க, தூக்கிப் போடுங்க" என்பார் இன்னொருவர். அபராதம் போட்டது ஊர் நிர்வாகமான கவுன்சிலா, தனியார் பார்க்கிங் கம்பெனியா என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்பவர்கள் குறைவு. அதைக் கேட்காமல் எந்தப் பதிலும் சரியாக இருக்க முடியாது, ஏனென்றால் ஒன்றுக்கு நல்லதாக இருக்கும் வழி மற்றதற்கு நஷ்டம்.

முதலில் தாளை நன்றாகப் பாருங்கள். கண்ணாடியில் வைத்த தாள் என்றால் இரண்டுமே பெரும்பாலும் மஞ்சள் பிளாஸ்டிக் உறையில் வைப்பருக்கு அடியில்தான் இருக்கும், இரண்டையுமே பிசிஎன் (அபராத நோட்டீஸின் ஆங்கிலச் சுருக்கம்) என்றுதான் சொல்வார்கள். ஊர் கவுன்சிலின் பெயரும் 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின் பெயரும் இருந்தால் அது சட்டப்படியான அபராதம். சூப்பர் மார்க்கெட், ஆஸ்பத்திரி, மோட்டார்வே சர்வீஸ் மாதிரி இடங்களில் ஏதோ ஒரு பார்க்கிங் கம்பெனியின் பெயரில் வந்தால், அது "எங்கள் இடத்தில் நிறுத்தும் ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், பணம் கொடு" என்று ஒரு தனியார் அனுப்பும் பில். அதற்காக அதை வெறும் தாள் என்று நினைக்க வேண்டாம். 2015இல் பார்க்கிங்ஐ – பீவிஸ் வழக்கில் 85 பவுண்டு கட்டணம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கவுன்சில் அபராதத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் பெரும்பாலும் 70 அல்லது 50 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் பாதி. லண்டனில் சிவப்புக் கோடு போட்ட, நிறுத்தத் தடையுள்ள முக்கியச் சாலைகளில் 160 வரை போகும், அதிலும் சீக்கிரம் கட்டினால் பாதிதான். இங்கே நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும். கண்ணாடியில் தாள் ஒட்டப்பட்ட நாளில் வாடகைக் கம்பெனிக்கு ஒன்றும் தெரியாது. 28 நாள் கழிந்த பிறகும் பணம் வராவிட்டால்தான் கவுன்சில் வாகன உரிமையாளரைத் தேடிப் பிடித்து நோட்டீஸ் அனுப்பும். ஆக, அதற்கு முன்பே கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே கட்டிவிட்டால் கம்பெனிக்குக் கடிதமே போகாது, அவர்கள் உங்கள் கார்டிலிருந்து உருவும் அட்மின் சார்ஜும் இல்லை. அந்த சார்ஜ் எவ்வளவு என்பது வாடகை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 30, 40 பவுண்டு என்பது சகஜம், அதாவது 35 பவுண்டில் முடிய வேண்டியது இரட்டிப்பாகிவிடும்.

தவறு உங்கள் மேல் இல்லை என்று நினைத்தால், அதே 14 நாளுக்குள் படங்களோடு ஆட்சேபம் எழுதுங்கள். பலகை மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது, மெஷின் வேலை செய்யவில்லை, கட்டிய நேரம் முடிந்து 10 நிமிடத்துக்குள்ளேயே தாளை ஒட்டிவிட்டார்கள் (இங்கிலாந்தில் அந்த 10 நிமிடம் சலுகை நேரம்) என்று எதுவாக இருந்தாலும் சரி. ஓட்டியவர் நேரடியாக எழுதலாம், கம்பெனியின் அனுமதி தேவையில்லை. அவகாசத்துக்குள் எழுதியவரின் ஆட்சேபத்தை நிராகரித்தால் பாதிக் கட்டணச் சலுகையைத் திரும்பத் தர வேண்டும் என்பதுதான் கவுன்சில்களுக்கான வழிகாட்டுதல், அதனால் எழுதிப் பார்ப்பதில் பெரும்பாலும் இழப்பு இல்லை.

கம்பெனியிடம் விட்டால் என்ன நடக்கும்? சில கம்பெனிகள் பொறுப்பை உங்கள் பெயருக்கு மாற்றிவிடும். கவுன்சிலிலிருந்து உங்களுக்குப் புதிய நோட்டீஸ் வரும், அதை எதிர்த்து லண்டனில் லண்டன் டிரிப்யூனல்ஸ், வெளியே டிராஃபிக் பெனால்டி டிரிப்யூனல் வரை இலவசமாகப் போகலாம். அட்மின் சார்ஜ் போனாலும் உரிமை மிச்சம். வேறு சில கம்பெனிகள் தாங்களே பணத்தைக் கட்டிவிட்டு, கட்டியதும் அட்மின் சார்ஜும் சேர்த்து உங்கள் கார்டில் எடுத்துக்கொள்கின்றன. நாலு வழியிலும் மோசமானது இதுதான் என்பேன். பணம் கட்டியாகிவிட்டால் வழக்கு முடிந்தது. உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அதைச் சொல்ல இடமில்லை. யாரோ ஒருவரின் வசதிக்காக உங்கள் மேல்முறையீட்டு உரிமையை உங்கள் காசிலேயே விற்றுவிடுவது எனக்கு எந்த விதத்திலும் ஒப்பவில்லை. அதனால் சாவி வாங்கும்போதே கேளுங்கள்: "அபராதம் வந்தால் நீங்கள் கட்டுவீர்களா, என் பெயருக்கு மாற்றுவீர்களா?" பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்து, கம்பெனி பிவிஆர்எல்ஏ என்ற வாடகை வாகனச் சங்கத்தின் உறுப்பினராகவும் இருந்தால், சங்கத்தின் சமரசப் பிரிவுக்கு எழுதும்போது அந்த ஈமெயில் கைகொடுக்கும்.

தனியார் அபராதத்தில் கதை தலைகீழ். தொகை 100 பவுண்டு வரை, 14 நாளுக்குள் கட்டினால் வழக்கமாக 60. இங்கே முக்கியமானது 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம், அதன் நாலாவது அட்டவணை (இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும், ஸ்காட்லாந்தில் இது செல்லாது). ஓட்டியது யார் என்று பார்க்கிங் கம்பெனிக்குத் தெரியாவிட்டால், வாடகைக்கு எடுத்தவரிடம் பணம் கேட்க அந்தச் சட்டம் கறாரான நிபந்தனைகள் போடுகிறது. வாடகைக் கம்பெனி மூன்று ஆவணங்களை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்: கார் அன்று வாடகையில் இருந்தது என்று கையெழுத்திட்ட அறிக்கை, வாடகை ஒப்பந்தத்தின் நகல், அபராதத்துக்கு நான் பொறுப்பு என்று நீங்கள் கையெழுத்திட்ட வாசகத்தின் நகல். அவை கிடைத்த 21 நாளுக்குள் அந்த மூன்றின் நகலையும், முதலில் வாடகைக் கம்பெனிக்கு அனுப்பிய நோட்டீஸின் நகலையும் சேர்த்து உங்களுக்கு அனுப்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தச் சட்டத்தின் கீழ் உங்களைப் பிடிக்க முடியாது.

நடைமுறையில் உறையைத் திறந்தால் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரே ஒரு தாள். ஒரு பக்கம் நம்பர் பிளேட்டின் இரவு நேரப் படம், உள்ளே வந்த மணி, வெளியே போன மணி. மறுபக்கம் பணம் கட்டும் விவரம். ஒப்பந்த நகலும் இல்லை, பொறுப்பு வாசகமும் இல்லை. அந்த உறையைத் தூக்கிப் போடாமல் உள்ளே இருந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, "நான் வாடகைக்கு எடுத்தவர், சட்டம் கேட்கும் ஆவணங்களை நீங்கள் இணைக்கவில்லை, எனவே எனக்குப் பொறுப்பு இல்லை" என்று மட்டும் எழுதுங்கள். "நான் நிறுத்தினேன்", "நான் ஓட்டினேன்" என்று ஆரம்பித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பொய் சொல்லச் சொல்லவில்லை, அது கூடவே கூடாது. கேட்ட கேள்விக்கு வாடகைக்கு எடுத்தவராகப் பதில் சொல்வது போதும். அவர்கள் நிராகரித்தால், அந்தப் பார்க்கிங் கம்பெனி பிபிஏ என்ற பார்க்கிங் கம்பெனிகள் சங்கத்தில் இருந்தால் 28 நாளுக்குள் பாப்லா என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம், அதற்கும் கட்டணம் கிடையாது. அங்கே நீங்கள் ஜெயித்தால் பார்க்கிங் கம்பெனி கட்டுப்பட்டே ஆக வேண்டும். தோற்றால் 60 போய் முழு 100 ஆகிவிடும், இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா வைத்த கார் பார்க் என்றால் கடிதம் எப்படியும் வாடகைக் கம்பெனிக்குத்தான் முதலில் போகும், அட்மின் சார்ஜ் விழுந்தே தீரும், அபராதம் பின்னால் ரத்தானாலும் அது பெரும்பாலும் திரும்பி வராது. ஆக அங்கே இருப்பது 60ஐயோ 100ஐயோ காப்பாற்றும் வேலை மட்டும்தான், எதிர்ப்பதே சரி. கண்ணாடியில் ஒட்டிய தனியார் தாள் என்றால் கணக்கு இழுபறி. உடனே உங்கள் பெயரில் ஆட்சேபம் எழுதினால் பெரும்பாலும் வாடகைக் கம்பெனிக்குப் போகாது, அட்மின் சார்ஜ் மிச்சம், ஆனால் ஓட்டியவர் யார் என்பது வெளியே வந்துவிடும். என் கருத்து இதுதான்: டிக்கெட் வாங்கிய ரசீது, கடையில் பொருள் வாங்கிய பில் என்று உறுதியான ஆதாரம் கையில் இருந்தால் உடனே எழுதுங்கள். ஆதாரம் இல்லை, தவறும் உங்களுடையது என்றால் 60ஐக் கட்டிவிட்டுப் போங்கள். 40 பவுண்டு சார்ஜ் கொடுத்து, அதற்கு மேல் ஆவணம் விட்டுப்போகுமா என்று காத்திருப்பது வீண் சூதாட்டம். ஒப்பந்தத்தில் ஒரே ஓட்டுநராக உங்கள் பெயர் மட்டும் இருந்து, விஷயம் கோர்ட்டுக்குப் போனால் ஓட்டியது நீங்கள்தான் என்று நீதிபதி முடிவுக்கு வரவும் வாய்ப்பு உண்டு.

சூப்பர் மார்க்கெட்டாக இருந்தால் முதலில் கடை மேனேஜரைப் பாருங்கள், இடம் அவர்களுடையது, ரத்து செய்யச் சொல்ல அவர்களால் முடியும். இன்னொன்று வாடகைக் காரில் அடிக்கடி நடப்பது: மெஷினிலோ ஆப்பிலோ பழக்கத்தில் சொந்தக் காரின் எண்ணை அடித்துவிடுவது. பணம் கட்டியது உண்மை, எண் மட்டும் தப்பு என்று ரசீதோடு காட்டினால், தனியார் கம்பெனிகளின் நடத்தை விதிப்படி 20 பவுண்டுக்கு மேல் கேட்கக் கூடாது. ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தால் முழுதாகவே ரத்து செய்ய வேண்டும்.

கண்டுகொள்ளாமல் விடுவது? கவுன்சில் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு மாறிய பிறகும் விட்டால் தொகை 50 சதவீதம் ஏறும், அப்புறம் பெய்லிஃப் (கடனை வசூலிக்க வீட்டுக்கே வரும் அதிகாரி) வரை போகும். தனியார் என்றால் வசூல் ஏஜென்ஸி 70 பவுண்டு வரை கூட்டிக் கேட்கும், அதற்கும் மசியாவிட்டால் கவுண்டி கோர்ட் என்ற சிவில் நீதிமன்றம். ஊருக்குத் திரும்பிவிட்டவரை அங்கே துரத்தி வருவது அரிது என்பது உண்மைதான், ஆனால் உங்கள் கார்டு எண் வாடகைக் கம்பெனியிடம் இருக்கிறது, அவர்களே கட்டும் கம்பெனி என்றால் நீங்கள் சென்னையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் பணம் போய்விடும். அதைவிட மாணவர்களைத்தான் எச்சரிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கொடுத்த முகவரியிலிருந்து வீடு மாறிவிடுவார்கள், கோர்ட் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும், பதில் இல்லாததால் தீர்ப்பு எதிராக விழும். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டாவிட்டால் அது ஆறு வருடம் கிரெடிட் பதிவில் நிற்கும், வீட்டு வாடகைக்கு விண்ணப்பிக்கும்போதோ போன் கான்ட்ராக்ட் எடுக்கும்போதோதான் தெரியவரும். வீடு மாறினால் வாடகைக் கம்பெனிக்கும், கடிதம் அனுப்பிய பார்க்கிங் கம்பெனிக்கும் புது முகவரியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.