பூல் லைனர் மாற்றப் போகிறீர்களா? தண்ணீரை இறைக்க விடுமுன் இதை வாசியுங்கள்

ரொறன்ரோ பக்கம் பின்வளவில் பூல் உள்ள வீடு வாங்கியவர்கள், இந்தக் கோடையில் லைனர் (பூலின் உள்ளே தண்ணீர் கசியாமல் விரிக்கும் வினைல் தாள்) மாற்றும் யோசனையில் இருந்தால், யாருக்கும் முன்பணம் கொடுக்குமுன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். போன கோடையில் எங்களுக்கு நடந்தது இது. செய்தவரின் பெயரை எழுதவில்லை, வழக்குப் போட்டிருக்கிறோம், அது முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்களுடைய பூல் 16க்கு 32 அடி, ஆழமான பக்கம் எட்டடி. சுவர் இரும்புத் தகடு, தரை வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகளும் சீமெந்தும் கலந்து பூசியது, அதற்கு மேல் வினைல் லைனர். இந்த வினைல் பத்து வருடமளவில் உழைக்கும், பிறகு வெயில் படும் இடத்தில் வெளிறிக் காய்ந்து மூலைகளில் பிரியத் தொடங்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டதால்தான் ஆள் தேடினோம்.

வந்தவர் தமிழர், நன்றாகக் கதைத்தார். எஸ்டிமேட் 5,800 டொலர், வரி தனி. அதில் எழுதியிருந்தது: 30 மில் தடிப்புள்ள லைனர், 20 வருட உத்தரவாதம், தரைத் திருத்தம் உட்பட. காசாகத் தந்தால் 13 வீத எச்.எஸ்.ரி. விற்பனை வரி இல்லை என்றும் சொன்னார். ரசீது இல்லாமல் உத்தரவாதத்தை எங்கே போய்க் கேட்பது? வேண்டாம் என்று பாதியை வங்கி வழியாக அனுப்பினோம்.

தண்ணீரை இறைத்து, பழைய லைனரை வெட்டி எடுத்து வெளியே போட்ட பிறகுதான் ஆளின் குரல் மாறியது. "அண்ணை, தரை முழுக்கப் போயிட்டுது. இதுக்கு மேலை லைனர் போட்டா நான் பொறுப்பில்லை. இன்னொரு 2,400 வேணும்." தரைத் திருத்தம் உட்பட என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டால், அது சின்னச் சின்ன வெடிப்புக்கு மட்டும்தானாம். யோசித்துச் சொல்கிறோம் என்றதும், "யோசியுங்கோ, ஆனா நாளைக்கு மழை, சுவர் உள்ளுக்கு வந்தா என்னைக் கேக்கக் கூடாது" என்றார்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. லைனர் பூலின் சுவர் தனியாக நிற்பதற்கென்று கட்டியதல்ல, உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் மண்ணும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பதும் சேர்ந்துதான் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. பூலை வெறுமையாக்கினால் ஒரு பக்கத் தள்ளல் போய்விடும். மழையில் மண் ஊறினால் சுவர் உள்ளே சாயலாம், நிலத்தடி நீர் ஏறினால் தரையும் வெடித்துக் கிளம்பலாம். ஆக அவர் சொன்ன ஆபத்து உண்மையானதுதான், அதனால்தான் அது இவ்வளவு நல்ல ஆயுதமாகவும் இருக்கிறது. நம்முடைய பேரம் பேசும் பலமெல்லாம் தண்ணீரோடு சேர்ந்து குழாய் வழியே போய்விடுகிறது. வெறும் பூலை வைத்துக்கொண்டு கோடை நடுவில் இன்னொரு ஆளைத் தேட முடியாது, எல்லோரும் வாரக்கணக்கில் பதிவாகியிருப்பார்கள், இது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கேட்ட காசை அனுப்பினோம். ஆனால் என் மனைவி ஈ-ட்ரான்ஸ்ஃபரில் குறிப்பு எழுதும் இடத்தில் 'இந்தக் கூடுதல் கட்டணத்தை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதித்தான் அனுப்பினார். அந்த ஒரு வரி இப்போது பெரிய உதவி. ஏனென்றால் ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எஸ்டிமேட் இருந்தால் அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூட்டி வாங்க முடியாது, ஆனால் கூடுதல் வேலைக்காக விலையை மாற்ற நீங்களே சம்மதித்திருந்தால் கதை வேறு. அந்தச் சம்மதத்தைத்தான் அவர் வாட்ஸ்அப்பில் "ஓகே எண்டு மட்டும் போடுங்கோ" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். போடாதீர்கள்.

சரி, 2,400க்கு என்ன செய்தார்கள்? இரண்டு பையன்கள் வந்து ஒரு மத்தியானத்துக்குள் நாலைந்து இடத்தில் சீமெந்து தடவிவிட்டுப் போனார்கள். படம் எடுத்து வைத்திருக்கிறேன், தரையின் பெரும்பகுதியில் கரண்டியே படவில்லை.

லைனர் வந்தது. ஆழப் பக்க மூலைகளில் எட்டவில்லை, சுவருக்கும் லைனருக்கும் நடுவில் கை போகும் அளவுக்கு இடைவெளி. ஒழுங்காக அளப்பவர்கள் பூலுக்கு வெளியே இரண்டு நிலையான புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு மூலைக்கும் வளைவுக்கும் அந்த இரண்டிலிருந்தும் தூரம் எடுப்பார்கள். இவர் நீளமும் அகலமும் ஆழமும் மட்டும் நாடா பிடித்துக்கொண்டு போனவர். அப்புறம், லைனருக்குப் பின்னால் இருக்கும் காற்றை ஸ்கிம்மர் (சுவரில் மேல்தண்ணீரை உள்ளிழுக்கும் வாய்) வழியாக வாக்யூம் போட்டு உறிஞ்சிக்கொண்டேதான் தண்ணீர் விடவேண்டும், ஆழப் பக்கம் நிரம்பும்வரையாவது அது ஓடவேண்டும். அவர்களுக்கு அடுத்த வேலைக்கு மெஷின் தேவைப்பட்டதாம், கணுக்கால் அளவு தண்ணீரோடு கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுருக்கங்கள் அப்படியே இருக்கின்றன, காலில் தட்டுகின்றன.

நிரப்பி முடித்தால் மட்டம் இறங்குகிறது. வெயிலுக்கு ஆவியாகுது என்றார். ஒரு வாளியில் பூல் தண்ணீரை எடுத்துப் படியில் வைத்து இரண்டிலும் மட்டத்தைக் குறித்துப் பார்த்தோம், வாளியில் இறங்கியதைவிடப் பூலில் பல மடங்கு. இறங்கிக்கொண்டே போய், தண்ணீர் திரும்பி வரும் குழாய்வாயின் மட்டத்தில் நின்றது. எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. வேறொருவரைக் கூப்பிட்டுத் திறந்து பார்த்தால் உள்ளே பழைய காஸ்கெட், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், விறைத்துப்போய் வெடித்தது. லைனர் மாற்றும்போது காஸ்கெட் எல்லாம் புதிதாகப் போடுவதுதான் வழக்கம், அதிக விலைச் சாமானும் இல்லை. 80,000 லீட்டர் தண்ணீர் பிடிக்கும் பூலில் இந்த ரப்பரிலா மிச்சம் பிடிப்பது!

மிச்சத்தையும் கேளுங்கள். ஸ்கிம்மருக்கும் அடித்தள வடிகாலுக்கும் லைனரை வெட்டித் துளைபோடுவார்கள், வெட்டிய துண்டுகளைப் புல்லில் எறிந்துவிட்டுப் போவார்கள். அவற்றைப் பொறுக்கி வையுங்கள். ஸ்கிம்மர் துண்டு சுவர்ப்பகுதி, வடிகால் துண்டு தரைப்பகுதி. மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 30 மில் என்றால் 0.76 மில்லிமீட்டர், 20 மில் என்றால் 0.51. தடிப்பு அளக்கும் காலிப்பரில் வைத்துப் பார்த்தபோது சுவர்த்துண்டு சரியாக இருந்தது, தரைத்துண்டு 0.51 காட்டியது. 'சுவர் 30, தரை 20' என்று சந்தையில் விற்கிறார்கள், அதை 30 மில் என்று எழுதி விலை வாங்கியிருக்கிறார். அந்த 20 வருட உத்தரவாதமும் தையல் பிரிந்தால் மட்டும், அதுவும் வருடம் போகப்போகக் குறைந்துகொண்டு வரும், கூலியும் தண்ணீரும் அதில் சேராது. சுருக்கத்துக்கும் நிறம் மங்குவதற்கும் ஒன்றுமில்லை.

எனவே எழுத்தில் கேளுங்கள்: சுவர் எத்தனை மில், தரை எத்தனை மில், காஸ்கெட் புதிதா, தரை முழுவதும் பூசவேண்டி வந்தால் அதிகபட்சம் எவ்வளவு. கடைசிக் கேள்விக்கு "திறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றால், அதிகபட்சத் தொகையை எழுதாமல் பம்பைப் போட விடாதீர்கள். வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் என்றால், பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், அந்த 10 நாள் முடியுமுன் வேலை தொடங்க அவசரப்படுத்தினால் ஏன் என்று யோசியுங்கள்.

வழக்கு இப்போது ஸ்மோல் கிளெயிம்ஸில் (சிறுதொகை வழக்கு நீதிமன்றத்தில்) கிடக்கிறது. நடுவில் அவர் அழைத்து, நாங்கள் முன்பு இணையத்தில் போட்ட விமர்சனத்தைப் பற்றி, "500 தாறன் அண்ணை, ரிவியூவை எடுத்துவிடுங்கோ" என்றார். எடுக்கவில்லை. உங்களில் யாருக்காவது 30 என்று சொல்லித் தரைக்கு 20 போட்டிருந்தால், லைனர் வந்த பெட்டியின் லேபல் படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.