பாறசாலை வழியில் ஒரு காயில் கடை: காந்தம் கழன்ற ஸ்கூட்டருக்கு வைத்தியம்

கொல்லங்கோடு, ஊரம்பு, களியக்காவிளைப் பக்கம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். வாரண்டி முடிந்த வண்டியின் பின்சக்கர மோட்டாரில் கரகரவென்று சத்தம் வந்தால், பதறிப்போய் புது மோட்டாருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். களியக்காவிளை தாண்டி பாறசாலை போகிற வழியில் காயில் கட்டுகிற கடை ஒன்று இருக்கிறது. போர்டு கிடையாது. வாசலில் கிணற்று மோட்டார்கள் கவிழ்ந்து கிடக்கும், அதுதான் அடையாளம்.

எனக்குத் தொழில் ஏத்தங்காய் சிப்ஸ். வீட்டில் வறுத்து பாக்கெட் போட்டு எல்லைக்கு இரண்டு பக்கமும் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வண்டி நின்றால் சரக்கு நமத்துப்போகும், கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். வண்டி வாங்கிய ஷோரூமில் மோட்டாரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "முழு மோட்டாரா மாத்தணும். ஸ்டாக் இல்ல. சைனால இருந்து காந்தம் வரல, எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார்கள். விலையை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்: 17 ஆயிரத்துச் சொச்சம்.

அவர்கள் சொன்ன காரணம் முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. 2025 ஏப்ரல் 4 அன்று சீனா, மோட்டார் காந்தங்களில் சேர்க்கிறவை உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் (ரேர் எர்த் என்பார்கள்) அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. உலகத்தில் இந்தத் தனிமங்களைச் சுத்திகரிப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அவர்கள் கையில்தான். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் தன் சேத்தக் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் உற்பத்தியே நின்றுபோகலாம் என்று பஜாஜ் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொன்னது. ஆனால் என் வண்டிக்குத் தேவைப்பட்டது முழு மோட்டார் இல்லை, உள்ளே ஒட்டியிருக்கும் மூன்று காந்தத் துண்டுகள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது இந்தக் கடைக்காரர்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சக்கரத்தை மர ஸ்டூலில் கிடத்தி, மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டார். உள்ளே காயில் சுற்றிய பகுதியைக் காந்த வளையம் விடவில்லை. சும்மா இழுத்தால் வராது, விரல் மாட்டினால் போச்சு. அவரே செய்த ஒரு புல்லரை அச்சில் மாட்டி மெல்ல மெல்லத் திருகினார். டக்கென்று பிரிந்தது. உள்ளே முழுக்கச் செம்பொடி. கடற்காற்றில் ஓடுகிற வண்டிகளுக்கெல்லாம் இதே நிலைமைதான் என்றார். நிக்கல் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதுமாம், நியோடிமியம் என்ற அரிய மண் உலோகமும் இரும்பும் கலந்த இந்தக் காந்தம் துருப்பிடித்து உப்பிவிடும். வளையத்தின் உள்சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த காந்தங்களில் மூன்று இடம், பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. விழுந்த துண்டுகள் உரசித்தான் கரகர சத்தம். காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார் ஒன்றும் போயிருந்தது.

அதே கம்பெனி வண்டி ஒன்று விபத்தில் நொறுங்கி வந்ததாம். அதன் சக்கரத்திலிருந்து மூன்று காந்தம் எடுத்தார். தின்னரில் ஊறவைத்து, மரச்சில்லால் தட்டித் தட்டி. ஹீட் கன் பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. "சூடு காட்டினா காந்தம் செத்துப்போகும் அக்கா" என்றார். சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். சூட்டைத் தாங்கத்தான் டிஸ்புரோசியம், டெர்பியம் சேர்க்கிறார்கள். சீனா ஏப்ரலில் பூட்டுப் போட்ட ஏழில் அந்த இரண்டும் உண்டு, நியோடிமியம் இல்லை. எங்கே பிடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் பிடித்திருக்கிறார்கள்.

அப்புறம் நூலில் ஒரு சின்னக் காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு, வடக்கு எது தெற்கு எது என்று பார்த்து, சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்தார். ஒன்று மாறி ஒட்டினாலும் வண்டி குதிக்குமாம். எபாக்ஸி தடவி, மூங்கில் ஆப்பு வைத்து, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அவசரப்படுத்தினால் முகம் கொடுக்க மாட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. அந்தக் காந்தத்தில் உள்ள நியோடிமியம் மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கிறது. மோனசைட் எங்கள் கடற்கரை மணலில் இருக்கிறது. 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்து, மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். அப்போது கேஸ் விளக்கில் ஒளிவிடும் வலையான மேண்டிலுக்கு அதிலுள்ள தோரியம் தேவைப்பட்டது. முதல் உலகப்போர் வந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், தொழில் லண்டன் கம்பெனிக்குப் போனது. இந்த மணலுக்கு வெளிநாட்டுக்காரர்கள் அடித்துக்கொள்வது இன்று நேற்றுச் சமாசாரம் இல்லை.

இப்போது மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கிறது, ஒடிசா சத்ரபூரில் மோனசைட்டை உடைக்கிறது, ஆலுவாவில் தனித்தனி ஆக்சைடாக்குகிறது. அதற்கு மேல் உலோகம், கலவை, காந்தம் என்று போகும் வழியில்தான் நமக்குப் பெரிய ஓட்டை. விசாகப்பட்டினத்தில் இருக்கிற ஆலை ஆண்டுக்கு 3,000 கிலோ அளவுக்கானது, அதுவும் சமாரியம்-கோபால்ட் வகை. ஸ்கூட்டர் மோட்டாரில் வழக்கமாகப் போடுகிற நியோடிமியம் வகை இல்லை.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஐந்து நிறுவனங்கள், மொத்தம் ஆண்டுக்கு 6,000 டன் காந்தம். இதில் 6,450 கோடி, காந்தத்தை விற்றால்தான் கிடைக்கும். ஆலை கட்ட மானியம் 750 கோடி மட்டும். இந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ரிப்பன் வெட்டிவிட்டுக் காசோடு போய்விட முடியாது. சீனா திடீரென விலையை இறக்கினால் புது ஆலைகள் படுத்துவிடும் என்ற பயத்துக்கும் இது ஓரளவு பதில். அமெரிக்க அரசு தன் நாட்டு அரிய மண் நிறுவனமான எம்பி மெட்டீரியல்ஸுக்கு நியோடிமியம்-பிரேசியோடிமியம் கிலோவுக்கு 110 டாலர் என்று பத்து ஆண்டுக்கு அடிவிலை (அதற்குக் கீழே இறங்காது என்ற உறுதி) கொடுத்ததும் இதே பயத்தில்தான். ஆனால் நம் மணலில் டிஸ்புரோசியமும் டெர்பியமும் சொற்பம். 7,280 கோடி போட்டாலும் அந்த இரண்டுக்கு வெளியே கை நீட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கிள்ளியூர் வட்டத்தில் ஐஆர்இஎல் மணல் எடுக்கக் கேட்டிருக்கும் 1,144 ஹெக்டேரில் எங்கள் கொல்லங்கோடும் வருகிறது. கதிர்வீச்சு, கடலரிப்பு என்று கடற்கரை ஊர்களே எதிர்த்து நின்றன, எதிர்ப்பு மனுவில் நானும் கையெழுத்துப் போட்டவள். எனக்குக் காந்தம் வேண்டாமென்று இல்லை, வேண்டும். அந்த 7,280 கோடி காந்த ஆலைகளுக்கு, மணல் கொடுக்கிற ஊருக்கு இல்லை என்பதுதான் என் வழக்கு.

சரி, கடைக்கு வருகிறேன். மூலையில் ஒரு பெயிண்ட் வாளி நிறைய உடைந்த காந்தம் வைத்திருக்கிறார். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்தது, சக்கரத்திலிருந்து எடுத்தது எல்லாம் இருக்கிறது. ஆக்கர்க்காரருக்கு, அதாவது பழைய இரும்பு வாங்குகிறவருக்குக் கொடுத்தால் இரும்பு விலைதான், உருக்கும்போது நியோடிமியம் கசடோடு போய்விடும். பழைய பேட்டரி, மின்னணுக் குப்பையிலிருந்து கனிமம் பிரிக்க 2025 செப்டம்பரில் 1,500 கோடி ரூபாய் திட்டம் வந்திருக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு சின்ன, புதிய ஆட்களுக்கு என்று அவரிடம் சொன்னேன். "எந்த ஆபீஸ்ல போய்க் கேக்கணும்? இங்க யாராவது வந்து இந்த வாளிய எடுப்பாங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஆலை கட்டுகிறவருக்கு அந்தப் பணம் போகும். வாளி வாசலுக்கு வண்டி வர வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் பாறசாலையில் இன்னும் முளைக்கவில்லை.

எனக்கு ஆன செலவு 3,200 ரூபாய். காந்தம், சென்சார், பேரிங் எல்லாம் சேர்த்து. வண்டி ஒரு சார்ஜில் முன்பு ஓடின தூரமே ஓடுகிறது. மெதுவாகப் போகும்போது லேசாக ஒரு முனகல் மட்டும் இருக்கிறது. வேறு வண்டியின் காந்தம் என்பதால் அது போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார், அந்த நேர்மை பிடித்தது. சேறு தெறிக்காமல் மூடி ஓரத்தில் சீலன்ட் அடித்துக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

குறையும் உண்டு. பில் தரமாட்டார். கேட்டால் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுப்பார். மூன்று மாத உத்தரவாதம் வாய்வார்த்தைதான். போன் எடுக்கவே மாட்டார். பெண்கள் உட்கார ஒரு நாற்காலி கிடையாது, எதிரே சாயாக்கடையில்தான் நிற்க வேண்டும். கண்ட்ரோலர், பேட்டரி பக்கம் கை வைக்க மாட்டார், அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். கிணற்று மோட்டார் சீசனில், அதாவது மாசி, பங்குனியில், ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு விவசாயிகளின் வேலையைத்தான் முதலில் பார்ப்பார்.

வாரண்டியில் இருக்கும் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். திறந்த மோட்டாரைக் கம்பெனி தொடாது, அவரே திருப்பி அனுப்பிவிடுவார். காலையில் பத்து மணிக்கு முன்னால் போனால் ஆள் இருப்பார். வண்டியின் மாடல் பெயரும் மோட்டாரில் அடித்திருக்கும் எண்ணும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், அதே காந்தம் வாளியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சக்கரத்தைக் கழற்றுவார்.