“ஒரு வருஷ ஏஐ பிரீமியம்” என்று 4,800 ரூபாய் வாங்கினார்கள், 19 நாளில் சாத்திவிட்டார்கள். வேலூர்ப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

4,800 ரூபாய் போய்விட்டது. இதை இப்போதே எழுதாவிட்டால் நாளைக்கு அதே கடையில் இன்னொருவர் அதே பணத்தைக் கட்டிவிட்டு வருவார், அதனால்தான் ஷட்டரை இறக்கியதும் சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மனசு சரியில்லை.

வேலூரில் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ்கள் இருக்கின்றனவே, அந்தத் தெருக்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஊரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பக்கம் ஓட்டல் போர்டுகூட பெங்காலியில்தான் இருக்கும். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், திரிபுரா, அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து மாசக்கணக்கில் தங்குவார்கள். ஊரில் ஆபீசுக்கு லீவு நீட்டிக்க லெட்டர், பிரதமர் நிவாரண நிதிக்கு மனு, டாக்டர் எழுதிக் கொடுத்ததில் என்ன இருக்கிறது என்று அவர்கள் மொழியில் ஒரு தாள், இதெல்லாம் என்னிடம் கேட்பார்கள். எனக்குத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும், லாட்ஜ்காரர்களோடு பேசிப் பழகின அரைகுறை ஹிந்தியும்தான். ரெண்டு வருஷமாகச் சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரி ஏஐ வந்துதான் இந்த வேலையே என்னால் செய்ய முடிகிறது. இலவசமாகக் கிடைப்பதை வைத்துத்தான் செய்துகொண்டிருந்தேன், நன்றாகவே போனது. ஒரே தொல்லை, காலையில் நாலைந்து ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போட்டதும் இன்றைய அளவு முடிந்தது, பிறகு வாருங்கள் என்று நின்றுவிடும். எதிரில் ஒருத்தர் மருந்துச் சீட்டோடு நின்றுகொண்டிருக்கும்போது பிறகு வா என்று நான் எப்படிச் சொல்வது?

சரி, காசு கட்டியே வாங்கிவிடலாம் என்று பார்த்தால் மாதம் சுமார் 2,000 ரூபாய் காட்டியது. வருஷத்துக்கு 24,000. ஒரு பக்கம் டைப் அடித்தால் எனக்கு 30 ரூபாய். அதனால் அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், ஜனவரி 11 ஞாயிற்றுக்கிழமை, போன் சார்ஜர் வாங்க ஒரு செல்போன் கடைக்குப் போனேன். கடை பெயரைச் சொல்லவில்லை, ஏழு வருஷமாக நான் போகிற கடை, என் மகளுக்குக் காலேஜ் சேர்ந்தபோது போன் வாங்கியதும் அங்கேதான். அங்கே கல்லாவுக்கு மேல் “ஏஐ பிரீமியம், 1 வருடம், 4,800 மட்டும்” என்று கலர் பிரிண்ட் ஒட்டியிருந்தது. கேட்டேன். அவர் எனக்கு டீ சொல்லிவிட்டு, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். கம்பெனியே மொத்தமாக விற்கிறது, அதனால்தான் இந்த விலை என்றார். எனக்கு உள்ளே ஒரு உறுத்தல் இருந்தது, 24,000 ரூபாய்ப் பொருள் எப்படி 4,800-க்கு வரும் என்று கேட்டே விட்டேன். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: “இன்னா அண்ணா, ஒரு வருஷத்துக்கு நானே கியாரண்டி. எங்க ஓடிப் போயிடப் போறேன், இதே கடைலதான கீறேன்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பணம் கட்டினேன். ஏதோ இன்டர்நெட்டில் முகம் தெரியாத ஆள் சொல்லியிருந்தால் ஒரு ரூபாய் கட்டியிருக்க மாட்டேன். முகம் தெரிந்த ஆள், வீட்டைத் தெரிந்த ஆள். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டு பின்பக்கம் பேனாவால் “ஏஐ 1 வருடம்” என்று எழுதிக் கொடுத்தார். கல்லாவில் இருந்த க்யூஆரில் போடப் போனேன், அதில் வேண்டாம் அண்ணா, லிமிட் ஆகிவிட்டது என்று வேறொரு நம்பர் கொடுத்தார். வந்த பெயர் அவர் பெயர் இல்லை. அதைப் பார்த்தேன், பார்த்தும் போட்டேன்.

லாகின் வந்தது. மெயில் ஐடி என்னுடையது இல்லை, அவர்கள் கொடுத்தது. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் ஓடிபி அவர்களுக்குத்தான் போகும், நான் வாட்ஸப்பில் கேட்டு வாங்க வேண்டும். உள்ளே போனால் இடது பக்கத்தில் யார் யாருடைய பேச்சோ வரிசையாக இருக்கிறது. ஒருத்தருடைய வேலை விண்ணப்பம், ஒரு வக்கீல் நோட்டீஸ், யாரோ ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ஒரே கணக்கைப் பத்துப் பதினைந்து பேருக்கு விற்றிருக்கிறார்கள் என்று அப்போதே புரிந்தது. ஒருநாள் லீவு லெட்டர் எழுதச் சொன்னால் கீழே எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டுக் கொடுத்தது, அது வேறு யாரோ சொல்லி வைத்ததை ஞாபகம் வைத்திருந்திருக்கிறது. அப்போதும் நான் நிறுத்தவில்லை, கடையில் கூட்டம், வேலை நடந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

ஜனவரி 30 வெள்ளிக்கிழமை காலையில் பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. “சர்வர் ப்ராப்ளம் அண்ணா, சாயங்காலம் வந்துடும்.” வரவில்லை. சனிக்கிழமை, “மேல சொல்லிக்கீறேன்.” யார் அந்த மேலே என்று கேட்டதற்கு ஒரு நம்பர் அனுப்பினார். அந்த நம்பரிலிருந்து உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, 48 மணி நேரத்தில் சரிசெய்யப்படும் என்று ஒரே மெசேஜ் நாலு முறை வந்தது, ஐந்தாவது முறை நான் அனுப்பியது ஒரு டிக்கோடு நின்றுவிட்டது, போட்டோவும் காணவில்லை. பிளாக் செய்துவிட்டார்கள்.

நேரில் போனேன். யாருக்கோ டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், நான் வெறும் ஏஜென்ட்தான் அண்ணா, என் கணக்குக்கு உன் பணம் வரலையே, வேணும்னா பாத்துக்கோ என்று சொல்கிறார். வேறு நம்பர் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இன்றைக்கு மூன்றாவது முறை போனேன். கடையில் நாலைந்து பேர் நிற்கும்போது சொல்கிறார், “ஒரிஜினல் இருபத்து நாலாயிரம் ஆவுது, கம்மி வெலைக்கு வாங்கினா அப்படித்தான் அண்ணா இருக்கும்.” டீ வாங்கிக் கொடுத்து, அம்மாவை விசாரித்து, நானே கியாரண்டி என்று சொன்ன அதே வாய். ஓடிப் போகவில்லைதான், அதே கடையில்தான் இருக்கிறார், அந்தக் கலர் பிரிண்டும் அங்கேயேதான் ஒட்டியிருக்கிறது.

4,800 ரூபாய் என்றால் எனக்கு 160 பக்கம் டைப்பிங். அதைவிட எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குவது வேறு. அந்த 19 நாளில் நான் எத்தனை பேருடைய டிஸ்சார்ஜ் சம்மரியை அதில் போட்டேன்! திரிபுராவிலிருந்து வந்த ஒரு அப்பா, பையனுக்கு என்ன வியாதி என்று வீட்டில் பெரியவர்களுக்குக்கூடச் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்லித் தாளைக் கொடுத்தார். அந்தத் தாள், பெயர், வயது, ஊர் எல்லாமே முன்பின் தெரியாத பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் கிடக்கிறது. நான் யாருடையதைப் பார்த்தேனோ அவர்களும் என்னுடையதைப் பார்த்திருப்பார்கள்தானே. அழிக்கலாம் என்றால் இப்போது உள்ளேயே போக முடியவில்லை.

இனி, காசு கட்டியதால் என்ன கிடைத்தது என்பதையும் சொல்கிறேன், நிறையப் பேர் இதைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். பெரிய பிடிஎஃப் போட்டால் வாங்கிக்கொள்ளும், படத்துக்கு அவ்வளவு சீக்கிரம் தடை வராது. அவ்வளவுதான், என் வேலைக்கு வேறு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. தப்பு இதிலும் வருகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட வேண்டிய மாத்திரையைப் பெங்காலியில் தினமும் என்று எழுதிவிட்டது. லாட்ஜில் சமைக்கிற பெங்காலி அண்ணனிடம் எதையும் ஒருமுறை படித்துக் காட்டாமல் நான் கொடுப்பதில்லை, அவர்தான் பிடித்தார். மாதம் 2,000 கட்டினாலும் அந்த அண்ணன் இல்லாமல் முடியாது. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள், நாள் முழுக்க இதிலேயே சம்பாதிக்கிறவர்கள் கட்டினால் அது வேறு கணக்கு. வீட்டில் பிள்ளைகள் பாடம் கேட்க, கடையில் பத்து லெட்டர் எழுத, அதற்கு இலவசமே போதும் என்பதுதான் என் அனுபவம்.

அதுவும் என் மகள் இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். 2025 ஆகஸ்டிலேயே சாட்ஜிபிடி நம் நாட்டுக்கு என்று மாதம் 399 ரூபாயில் ஒரு திட்டம் கொண்டுவந்து, நவம்பர் 4 முதல் சேர்ந்தவர்களுக்கு அதையும் ஒரு வருஷம் இலவசமாகக் கொடுத்தார்களாம். ஏர்டெல்காரர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி என்ற இன்னொரு ஏஐ ஒரு வருஷம், ஜியோ 5ஜி வைத்திருப்பவர்களுக்கு ஜெமினி 18 மாதம் என்று அவையும் இலவசமாகக் கொடுத்தார்களாம். அவளுடைய ஜியோ சிம்மில் அது வந்து உட்கார்ந்திருந்தது. நான் 4,800 ரூபாய் கொடுத்து யாரோ ஒருவருடைய எச்சில் கணக்கை வாங்கியிருக்கிறேன், வீட்டில் முறையானது சும்மா கிடந்திருக்கிறது. அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

என்ன செய்ய வேண்டும், செய்யக்கூடாது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மணி பதினொன்றரை ஆகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். உங்கள் சொந்த மெயிலில் இல்லாத எந்தக் கணக்குக்கும் பணம் கட்டாதீர்கள். ஓடிபி இன்னொருவருக்குப் போகிறது என்றால் அது உங்களுடையது இல்லை. கடை க்யூஆரை விட்டு வேறு நம்பர் கொடுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள், பில் இல்லாமல் வராதீர்கள். இலவச ஆஃபரில் சேருகிறவர்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தைத் திறந்து பாருங்கள், வருஷம் முடிந்ததும் தானாகப் பிடிக்கிற மாதிரி ஒப்புதல் கொடுத்திருந்தால் அதை அங்கேயே ரத்து செய்யலாம். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்கு போன் அடியுங்கள், என்னைப் போல “சாயங்காலம் வந்துடும்” என்பதை நம்பி ரெண்டு வாரம் தள்ளாதீர்கள். நான் இன்றைக்குத்தான் புகார் கொடுத்தேன், நுகர்வோர் உதவிக்கு 1915 இருக்கிறது, அங்கேயும் நாளைக் காலையில் பேசப் போகிறேன்.

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம், குடியாத்தம், ஆற்காடு என்று எங்கே இருந்தாலும் சரி, இதேபோல 4,800-க்கோ வேறு விலைக்கோ வாங்கி அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், பணத்தைப் பற்றி அப்புறம் யோசியுங்கள், முதலில் உள்ளே போய் நீங்கள் போட்ட ரிப்போர்ட், ஆதார், லெட்டர் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். கதவு திறந்திருக்கும்போதே இன்றைக்கே செய்யுங்கள்.