எழுதும் கை தெரிய வேண்டும்: பாட வீடியோக்களோடு என் அனுபவம்

டிப்ளமோ முடித்து, வேலை பார்த்துக்கொண்டே கோவையில் பார்ட் டைம் பி.இ. படித்தவர்களுக்குக் கணக்கு பேப்பர் எவ்வளவு பெரிய கண்டம் என்று சொல்லத் தேவையில்லை. ஷிப்ட் முடிந்து சட்டை மாற்றிக்கொண்டு மாலை வகுப்புக்குள் நுழையும்போது போர்டில் பாதிக் கணக்கு ஓடியிருக்கும். விட்டதைக் கேட்டு எழுதிக்கொள்ள நேரம் இருக்காது, விடிந்தால் மறுபடி கம்பெனி. அந்த நாட்களில் என்னைக் கரையேற்றியது இலவசப் பாட வீடியோக்கள்தான். பட்டம் வாங்கி வருடங்கள் ஆகியும் அவற்றைப் பார்ப்பதை நான் விடவில்லை.

முதலில் பிடித்துக்கொண்டது பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் லீனியர் அல்ஜீப்ரா, அதாவது பல சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கும் கணக்கு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1999-இல் அவர் எடுத்த வகுப்புகளை அப்படியே பதிவு செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். படம் மங்கல்தான். ஒரு மனிதர், ஒரு கரும்பலகை, சாக்பீஸ், வேறு எதுவும் கிடையாது. முதல் வகுப்பில் இரண்டு சமன்பாடுகளை எடுத்துக்கொண்டு, நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கோடுகள் வரைந்து வெட்டும் புள்ளியைக் காட்டுகிறார். சரி, இது தெரிந்ததுதான். அப்புறம் அதே எண்களை நிரல் நிரலாகப் பிரித்து எழுதுகிறார். முதல் நிரல் 2, -1. அடுத்தது -1, 2. போய்ச் சேர வேண்டிய இடம் 0, 3. முதல் நிரலை ஒரு மடங்கும் இரண்டாவதை இரண்டு மடங்கும் எடுத்துக் கூட்டினால் சரியாக அங்கே வந்து நிற்கிறது. ஒவ்வொரு நிரலையும் ஒரு அம்பாக்கி, ஒரு அம்பின் நுனியில் அடுத்த அம்பை வைத்து வரைந்தும் காட்டுகிறார். சமன்பாட்டைத் தீர்ப்பது என்றால் எந்த அம்பை எத்தனை மடங்கு எடுப்பது என்று கண்டுபிடிப்பதுதான் என்று அங்கேதான் எனக்கு விளங்கியது. டிப்ளமோவில் சமன்பாடு தீர்க்கும் கிரேமர் விதியை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன். இந்தப் படத்தை யாரும் போட்டுக் காட்டியதில்லை.

அவர் அம்பு வரையப் போகும் நேரத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு நோட்டில் நானே வரைந்து பார்ப்பேன். அப்புறம் ஓடவிட்டுச் சரிபார்ப்பேன். பாட வீடியோவால் என்ன லாபம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். எழுதுகிற கை யோசிக்கிற வேகத்தில்தான் நகரும். அதோடு நாமும் நகரலாம், வேண்டிய இடத்தில் அதை நிறுத்தவும் செய்யலாம். வகுப்பில் இது நடக்காது.

கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளத்தை உருவாக்கிய சல்மான் கான் (நடிகர் அல்ல) 2004-இல் வெளியூரில் இருந்த உறவுக்காரப் பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 2006-இல் யூடியூபில் வீடியோ போட ஆரம்பித்தார். நேரில் சொல்லிக்கொடுப்பதைவிட வீடியோதான் பிடித்திருக்கிறது என்று உறவுப் பிள்ளைகள் சொன்னதாக அவரே பேசியிருக்கிறார். ஒரே வரியை எத்தனை தடவை கேட்டாலும் வீடியோ சலித்துக்கொள்ளாது. வயதில் இளைய பையன்களோடு உட்கார்ந்து படித்தவனுக்கு அது பெரிய நிம்மதி. அவர் முகம்கூடத் தெரியாது. கறுப்புத் திரையில் கலர் எழுத்து ஊர்ந்துகொண்டே போகும். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நான்கு பாடங்களை மாணவர்கள் 69 லட்சம் முறை பார்த்த பதிவுகளை அலசி 2014-இல் ஒரு ஆய்வு வந்தது. இப்படிக் கையால் எழுதிக்காட்டும் வீடியோக்கள் வெறும் ஸ்லைடுகளைவிட மாணவர்களை அதிக நேரம் உட்கார வைப்பதாக அதில் கண்டார்கள்.

இத்தனை தெரிந்தும் இப்போது காசு வாங்கிக்கொண்டு விற்பவர்கள் அந்தக் கையைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். அக்கா பையனுக்காக ஒரு கற்றல் செயலிக்கு வருடச் சந்தா கட்டியிருந்தார்கள். அவனோடு உட்கார்ந்து நிறையப் பார்த்தேன். பின்னணியில் இசை விடாமல் ஓடுகிறது. ஒரு பொம்மை குதித்து வருகிறது. முழுச் சமன்பாடும் ‘டிங்’ என்று ஒரே அடியாகத் திரையில் விழுகிறது, மூச்சு விடுவதற்குள் விடையும் விழுகிறது. இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்று பையன் கேட்கிறான். கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்க்கலாம் என்றால் பாடத்தின் தொடக்கத்துக்கே போய்விடுகிறது. சந்தா முடிந்ததும் தரவிறக்கி வைத்தது எதுவும் திறக்கவில்லை. ஆனால் புதுப்பிக்கச் சொல்லிப் போன் மட்டும் சாப்பாட்டு வேளை பார்த்து வந்துகொண்டே இருந்தது.

அனிமேஷனே கூடாது என்று சொல்ல மாட்டேன், அது நியாயமில்லை. 3புளூ1பிரௌன் என்ற யூடியூப் கணக்குச் சேனலில் கிராண்ட் சாண்டர்சன் 2016-இல் போட்ட லீனியர் அல்ஜீப்ரா வீடியோக்களில் கட்டம் போட்ட தளம் முழுவதும் சாய்ந்து நீள்வதைப் பார்த்த பிறகுதான் மேட்ரிக்ஸ் பெருக்கல் எனக்குக் கண்ணில் தெரிந்தது. அதைச் சாக்பீஸால் காட்டவே முடியாது. அங்கே அசைவுதான் பாடம். அந்தச் செயலியில் அசைவு வெறும் அலங்காரம்.

போன வாரம் கம்பெனி நண்பர் ஒருவர் கேட்டார். “அண்ணா, அந்த ஆப்பை இப்போ பாதி விலைக்குத் தர்றாங்க. பாப்பா பதினொண்ணாவது போறா. வாங்கிடட்டுங்களா?”

வேண்டாம் என்றேன். 2018-இல் பாடத்திட்டம் மாறியதிலிருந்து நம் தமிழ்நாட்டு அரசுப் பாடப் புத்தகத்திலேயே க்யூஆர் குறி இருக்கிறது, ஸ்கேன் செய்தால் வீடியோ வருகிறது. கான் அகாடமி இலவசம். பின்னாளில் இன்ஜினியரிங் போனால் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற வீடியோ வகுப்புத் திட்டம் இருக்கிறது, வகுப்புகள் நீளம் என்றாலும் விஷயம் முழுதாக இருக்கும்.

இதெல்லாம் சொல்லிவிட்டு, முதலில் பாப்பாவைத் தெருமுனை டியூஷன் சாரிடம் சேர்க்கச் சொன்னேன். எந்த வரியில் பேனா நின்றுபோனது என்று நோட்டை வாங்கிப் பார்க்க வீடியோவுக்குக் கண் கிடையாது. இயற்பியல் பாட வீடியோக்களைப் பற்றி டெரெக் முல்லர் என்பவர் சிட்னியில் செய்த ஆய்வில், தெளிவான இயற்பியல் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் நன்றாகப் புரிந்ததாகத்தான் சொன்னார்கள். தேர்வு வைத்தால் மார்க் ஏறவில்லை. அவர்கள் மனதில் ஏற்கெனவே இருந்த தவறான எண்ணத்தை எடுத்துப் பேசிய வீடியோ மட்டும் மார்க்கைக் கூட்டியது. டியூஷன் சார் தினமும் செய்வது அந்த வேலையைத்தான். வீடியோவை ராத்திரி, மிச்சம் இருக்கும் சந்தேகத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

“நீங்க வீடியோ பார்த்துத்தானே பாஸ் பண்ணுனீங்க?” என்று நண்பர் விடவில்லை. வாஸ்தவம்தான். எனக்கு அப்போது டியூஷன் போக நேரம் இல்லை. அவளுக்கு இருக்கிறது.