பழைய 5.1 செட்டைக் கொடுத்து ஸ்டீரியோ வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கையில் இருந்த 5.1 செட்டும் (ஐந்து ஸ்பீக்கரும் அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும் கொண்ட ஹோம் தியேட்டர்) போச்சு, அதற்கு மேல் கொடுத்த 42,000 ரூபாயும் போச்சு. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வேறு யாரும் அந்தக் கடைப் படி ஏறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

சின்ன ஃபிளாட்டுக்கு மாறினோம். பின்பக்க ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. சப்வூஃபர் போட்டால் கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்கிறார். வீட்டில் படத்தைவிடப் பாட்டுதான் அதிகம் ஓடுகிறது. நல்ல ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று, இரண்டு ஸ்பீக்கர் போதும் என்று முடிவு செய்தோம். அது சரியான முடிவுதான், இப்போதும் சொல்வேன்.

சென்னையில் பழைய ஆடியோ சாமான்களை எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் கடை அது. கடைக்காரப் பெரியவர் என் 5.1 செட்டின் ரிசீவரைத் துடைத்துப் பார்த்து, "நல்லா வெச்சிருக்கீங்க சார்" என்றார். பழைய ஜப்பான் ஆம்ப் ஒன்றில் ஒரு ஜோடி ஸ்பீக்கரை மாட்டி, மெல்லிய சத்தத்தில் வீணைக் கச்சேரி போட்டார். டீ வரவழைத்தார். "இது என் வீட்டுக்குன்னு எடுத்து வெச்சது. கேக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் குடுப்பேன்" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் 42,000 ரூபாயை அங்கேயே யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் போட்டதும் பாட்டுக்கு அடியில் உம்மென்று ஓர் இரைச்சல். கொஞ்ச நேரத்தில் ஆம்பின் மேல்மூடியில் கை வைக்க முடியவில்லை. அப்புறம் இடது பக்கம் சத்தமே நின்றுவிட்டது. பின்னால் கடையின் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. உரித்தேன். அடியில் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறது! ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரில் 230. ஏரியா மெக்கானிக் திறந்து காட்டினார். உள்ளே ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கும், வோல்டேஜைக் குறைக்கும் ஒரு குட்டி ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர், ஒயர் இணைப்புகளில் வெறும் இன்சுலேஷன் டேப். இந்த ஆம்ப் இழுக்கும் லோடை அது தாங்காது என்றார். தீப்பிடித்திருந்தால்?

ஸ்பீக்கரும் மோசம். வலை மூடியைக் கழற்றி வூஃபரை, அதாவது அடிச்சத்தம் தரும் பெரிய கூம்பை, சுற்றியுள்ள ஃபோம் விளிம்பைத் தொட்டதும் பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தது. மேலே கறுப்புச் சாயம் பூசி மறைத்திருக்கிறார்கள்.

போன் செய்தால், "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கார் சார்". நேரில் போனால், "உங்க வீட்டு கரண்ட்ல ப்ராப்ளம்". பணத்தைத் திருப்பிக் கேட்டால், "எக்ஸ்சேஞ்சுக்கு ரிட்டர்ன் கிடையாது". சரி, என் செட்டையாவது கொடுங்கள் என்றேன். "அது அன்னைக்கே போயிடுச்சு சார்" என்று, டீ வாங்கிக் கொடுத்த அதே மனிதர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். 42,000 ரூபாய்க்கு ஒரு சாரி கூட இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது அந்தச் சீட்டும் யுபிஐ ரசீதும்தான்.

வாங்கும் முறையை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பின்பக்க வோல்டேஜைப் பாருங்கள், ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். வலையைக் கழற்றி ஃபோமைத் தொட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரமாவது சத்தமாக ஓடவிட்டுச் சூட்டைப் பாருங்கள். மோனோவில் (இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வரும்படி) ஒரு குரலைப் போட்டால் அது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சீரியல் நம்பர் போட்ட பில் கைக்கு வரும்வரை உங்கள் பழைய செட்டை வண்டியிலிருந்து இறக்காதீர்கள்.