26 அங்குலப் பழைய மலைச் சைக்கிளா, இன்றைய 29 அங்குலமா?

பழைய கடைகளில் விற்காமல் தங்கி, இன்னும் புதியதாகவே விலைக்கு நிற்கும் 1990களின் பிற்பகுதியைச் சேர்ந்த 26 அங்குல (டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் தோராயமான விட்டம்) மலைச் சைக்கிள், வி-பிரேக்கும் (ரிம்மை இருபுறமும் கட்டைகளால் அழுத்தும் பிரேக்) முன்புறம் மூன்று பற்சக்கரங்களும் கொண்டது. சாதாரணக் கருவிகளாலேயே பழுதுபார்க்கக்கூடிய அதன் எளிமை எனக்கு மிகவும் பிடித்தமானது. இன்றைய 29 அங்குலச் சைக்கிளோ, 559 மி.மீ.க்குப் பதிலாக 622 மி.மீ. விட்டமுள்ள ரிம்மால் கற்களையும் வேர்களையும் எளிதாகத் தாண்டுகிறது. ரிம்முக்குப் பதிலாகச் சக்கர மையத்திலுள்ள தட்டை அழுத்தும் அதன் டிஸ்க் பிரேக் சேற்றிலும் உறுதியாகப் பிடிக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் முன்கவை கூடுதலாகச் சாய்ந்திருப்பதால் செங்குத்தான இறக்கத்தில் முன்புறம் கவிழும் அச்சம் குறைகிறது. பழையதில் டிஸ்க் பிரேக் பொருத்தும் இடம் பெரும்பாலும் இராது என்பதால், பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்றெண்ணி வாங்குவது வீண்செலவு. கரடுமுரடான மலைப்பாதைக்குப் புதியதே ஏற்றது. மண்சாலைக்குப் பழையது தாராளமாகப் போதும். ஆனால், கிடங்கில் கிடந்து இறுகிய டயரையும் பிரேக் கட்டைகளையும் மாற்றி, பேரிங்குகளுக்குப் புதிய கிரீஸ் இட்ட பிறகே ஓட்ட வேண்டும்.